வடிகல்லில் தண்ணி நிற்பதற்குள்

+
பாலையூற்று,
திருகோணமலை.
22.10.1967

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் ஒருமாதிரிச் சுகமாக இருக்கிறம். நீங்களும் உங்கட வீட்டில் இருக்கிறவவும் சுகமாயிருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லும்போது உங்கட பேரை மனதுக்குள் சேர்த்துக்கொள்கிறேன். வாய்விட்டுச் சொல்ல ஏலாது. அப்பா பக்கத்தில் முழந்தாளில் இருப்பார்.

றீற்றாவை நித்திரையாக்கிப்போட்டுத்தான் எழுத இருந்தனான். அவளுக்கு இரண்டரை வயது முடியப்போகுது, இன்னும் இந்த இழுப்பு விடவில்லை. கொஞ்சம் குளிர்ந்தால் போதும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று இருக்கிறமாதிரிச் சத்தம். எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டுதரம் எழும்பிப் போய் அவளுடைய நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டேன். ரெயினிங் கொலிஜில் குழந்தை உளவியல் என்று ஒரு முழுப் புத்தகம் படித்தனான் அண்ணா, அதில் தாய்க்கு என்ன செய்யவேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை.

எழுத வந்தது கப்டனைப் பற்றி. சித்திரையில் நீங்கள் வேதம் மாறி றஹ்மாவைக் கலியாணம் செய்து புல்மோட்டைக்குக் குடிபெயர்ந்தபோது, "கொஞ்ச நாளைக்கு வைச்சிரு தங்கச்சி" என்று நாயை என்னிடம் விட்டுவிட்டுப் போனீங்கள். அன்று தொட்டு அது படலையைப் பார்த்துக்கொண்டுதான் படுக்கிறது. இப்போது சாப்பாடும் குறைஞ்சுபோச்சு. உங்கட மச்சான் கிறிஸ்தோபர் மாட்டு டொக்டரைக் கூட்டிவந்து காட்டினவர். அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இதயம் களைச்சுப்போச்சு, இந்த மாரியைக் காணும், அடுத்த மாரியை எதிர்பார்க்காதேங்கோ" என்றார்.

அதனால் ஒன்று கேட்கிறேன். மழை தொடங்கி வடிகல் அருவியில் தண்ணி விழத் தொடங்கினால் ஒரு நாளைக்கு வாருங்கோ. வீட்டுக்கு வர ஏலாது, எனக்குத் தெரியும். அப்பா நீங்கள் போன நாளிலிருந்து உங்கட பேரை எடுத்ததில்லை. ஆனால் வடிகல் ஒருவருடைய வளவும் இல்லை. இராசையாவின் விறகு லொறி கன்னியாவுக்குப் போகும்போது நானும் கப்டனும் ஏறிக்கொள்ளுவம். அங்கேயிருந்து ஓடைவழியாக நடை. வருசம் தவறாமல் நீங்கள், நான், கப்டன் என்று மூன்று பேருமாகப் போன இடம்தானே. தை பிறந்தால் தண்ணி மெலிந்துவிடும், பிறகு கல்லில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் கிடக்கும். அதற்குள் வரவேண்டும்.

நாயைத் தொடக்கூடாதாமே உங்களுக்கு இப்போது. பார்க்கலாந்தானே?

அப்பாவுக்கு முழங்கால் நோ. மற்றப்படி சுகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

அன்புத் தங்கை,
மலர்


புல்மோட்டை.
12.11.1967

அன்பான தங்கச்சிக்கு,

உன்ர கடிதம் சுணங்கித்தான் கிடைச்சுது. நாங்கள் சுகம். நீங்களும் சுகமாயிருக்கோணும். றீற்றாக்குட்டிக்கு நெஞ்சில சூடு காட்டு, ஆனா கனக்கப் போத்தி மூடாதை. நீ மூடுவாய் எண்டு தெரியும்.

உறையில ஹெக்டர் பேணாட் எண்டு எழுதியிருந்தாய். அந்தப் பேரில இங்க ஒருத்தரும் இல்லை. தபால்கார றஊப்புக்கு மட்டும் விசயம் தெரியும், அவர் லீவில நிண்டபடியால் கடிதம் தபால் கந்தோரிலேயே கிடந்திருக்கு. ஹாரூன் எண்டும் எழுதலாம். உனக்கு ஏலுமெண்டால்.

நாயைப் பற்றிக் கேட்டனீ. பார்க்கக் கூடாது எண்டில்லை. அடிக்கவோ பட்டினி போடவோ கூடாது எண்டுதான் இங்க சொல்லித் தாறவை. ஈர நாய் பட்டால், நக்கினால், பட்ட இடத்தை ஏழு தரம் கழுவோணும், அதில ஒரு தரம் மண் கரைச்ச தண்ணியால. அவ்வளவுதான். நீ நினைக்கிறமாதிரி ஒண்டுமில்லை.

இன்னொரு விசயம். றஹ்மாவுக்கு இப்ப ஏழாம் மாதம். தை முடியப் பிள்ளை கிடைக்கும். அப்பாவுக்குச் சொல்லுறதோ விடுறதோ உன்ர விருப்பம்.

மணல் ஆலையில ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு. மார்கழி பிறக்க நோன்பும் வருது. நோன்போட மலையேறுறது கஷ்டம், ஏலாது எண்டில்லை. மழை கூடினால் ஆத்தில ஆக்களை ஏத்திக் கடக்கிற தோணிப்பாதை ஓடாது, அது வேற. நாள் ஒண்டு சொல்லு, பாப்பம்.

கப்டன் இடது பக்கக் காதுக்குப் பின்னால சொறிஞ்சால் சாப்பிடும். முதல் வாய்க்கு மட்டும் சொறிஞ்சால் போதும்.

உன்ர அண்ணன்


+
பாலையூற்று,
26.11.1967

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். உங்கட கடிதத்தைக் குசினியில் நின்று வாசித்துப்போட்டு, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் காணவில்லை. மாதா உங்கட இரண்டு பேருக்கும் துணையாயிருக்கட்டும். அவவுடைய சுகத்தைக் கட்டாயம் எழுதுங்கோ.

சில விசயங்கள். தண்ணிக்குடம் தூக்க விடாதேங்கோ. காலில் வீக்கம் இருக்கிறதா என்று விரலால் அமத்திப் பாருங்கோ, குழி விழுந்தால் உடனே காட்டவேணும். பிள்ளை வயிற்றுக்குள் துடிக்கிறதை நாளுக்கு நாள் கேளுங்கோ. துடிப்புக் குறைந்தால் ஒரு நாளும் தாமதிக்கவேண்டாம். நான் பயப்பிடுத்துகிறேன் என்று சொல்லுவீங்கள். ஓம், பயந்தான். றீற்றா வயிற்றில் இருந்தபோது கிறிஸ்தோபர் எனக்கு "முறைப்பாட்டுப் புத்தகம்" என்று பட்டம் வைத்தவர்.

றீற்றாவின் சின்னச் சட்டைகளைத் தோய்த்து மடித்து ஒரு பார்சல் தனியாக அனுப்புகிறேன். மஞ்சளில் பூப் போட்டது அம்மா கண்மூட முதல் தைத்த துணியில் வெட்டினது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பிள்ளை கிடைத்த பிறகு சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மழை கொட்டுகிறது. இராசையா விறகுக்குப் போய்வந்து, "பிள்ளை, வடிகல் முழங்குது, லொறிக்குள்ள இருக்கக் கேக்குது" என்றார். மார்கழி 17 ஞாயிறு. பூசை முடிய நான் வெளிக்கிடுவேன். அப்பாவுக்குக் கன்னியாவில் குளிக்கப் போறம் என்று சொல்லுவேன். மத்தியானமட்டும் மேலே தண்ணி விழுகிற குளத்தடியில் இருப்பேன். வருவீங்கள்தானே?

கப்டனுக்குக் காதுக்குப் பின்னால் சொறிந்தேன். சாப்பிட்டது. பிறகு என் கையை மணந்து பார்த்துவிட்டுப் படலையடிக்குப் போய்விட்டது.

அன்புடன்,
மலர்


+
பாலையூற்று,
22.12.1967

அண்ணாவுக்கு,

சுகம் என்று எழுத மனமில்லை. மூன்று நாள் ஆசுபத்திரியில் றீற்றாவோடு இருந்துவிட்டு நேற்றுத்தான் வந்தனான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கிறிஸ்தோபருக்குச் சீனன்குடாவில் வேலை. றீற்றாவை வீட்டில் விட்டால் அப்பா எங்கே, ஏன் என்று கேட்பார் என்று அவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். அது என்னுடைய பிழை. ஓடை முழுக்க வெள்ளம், கல்லெல்லாம் பாசி. வழியில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது, அதைக் கண்டு திரும்பியிருக்கவேணும், திரும்பவில்லை. கப்டன் பத்தடி நடக்கும், நிற்கும், நாக்கைத் தொங்கப்போட்டு என்னைப் பார்க்கும். ஓடையைக் கடக்கிற இடத்தில் பிள்ளை ஒரு கையிலும் நாய் மற்றக் கையிலும். மேலே போய்ச் சேர்ந்தபோது தேயிலைச் சாயம்போலத் தண்ணி, கல்லின் முழு அகலத்துக்கும். பேசினால் கேட்காது. றீற்றா கையைத் தட்டினாள். கப்டன் தண்ணியைப் பார்க்கவில்லை அண்ணா. அது வந்த பாதையைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தது.

மத்தியானமட்டும் என்று எழுதினேன். பின்னேரம்மட்டும் இருந்தேன். மழை திரும்பவும் பிடித்தது. நாய் வரமாட்டன் என்றுவிட்டது, சங்கிலியில் இழுத்துக்கொண்டுதான் இறங்கினேன். அன்று இரவே றீற்றாவுக்கு உதடு நீலம்.

வர ஏலாவிட்டால் ஒரு வரி எழுதியிருக்கலாம். பார்சல் கிடைத்ததோ இல்லையோ என்றுகூட எழுதவில்லை. நாய் பட்டால் ஏழு தரம் கழுவினால் போதும் என்று எழுதினீங்கள். நாங்கள் பட்டால் எத்தனை தரம் கழுவவேணும்?

நத்தார் வாழ்த்துக்கள்.

மலர்


786
புல்மோட்டை.
05.01.1968

அன்பான மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கு இப்பிடி எழுதலாமோ தெரியாது. நீங்க சுகமா இருக்கோணும் எண்டுதான் அதுக்கு அர்த்தம். நான் றஹ்மா. எட்டாம் வகுப்பு மட்டும் படிச்ச நான், எழுத்துப் பிழை இருந்தாப் பொறுத்துக்கோங்க. நான் எழுதுறது அவருக்குத் தெரியாது.

உங்கட மகளுக்கு இப்ப எப்பிடி? அத முதல்ல எழுதுங்க.

மார்கழி பதினோராம் திகதி எனக்குப் புள்ள கிடைச்சிச்சி. ஆம்புளப் புள்ள. அழல்ல. ரெண்டு நாளா வயித்துல துடிப்புக் குறைஞ்சிருந்தது. நீங்க எழுதியிருந்தீங்களே, ஒரு நாளும் தாமதிக்க வேணாமெண்டு, அத அவர் எனக்கு வாசிச்சுக் காட்டினவர். நாங்க வெளிக்கிட்டுத்தான் போன நாங்க. ஆறு பெருகித் தோணிப்பாதை நிண்டுபோச்சு. அக்கரையில ஆக்கள் தெரியுது, கூப்பிட்டாக் கேக்குது, வர ஏலாது. மாட்டு வண்டில்லயே திரும்பி வந்தம்.

அவர்தான் துணியில சுத்தி, அடக்க மையவாடிக்கிக் கொண்டு போனவர். கொண்டு போன கையை வெச்சிக்கொண்டு என்ன செய்யிறது எண்டு தெரியாம அண்டைக்கு முழுக்க முத்தத்துல நிண்டார். அடுத்த நாள் ஆத்துத் தண்ணி இறங்கி உங்கட பார்சல் வந்திச்சி. எனக்குக் காட்டாம அலுமாரிக்கு மேல வெச்சிட்டார். பூப் போட்ட மஞ்சள் சட்டை நல்லா இருக்கு மதினி. நான் அவர் இல்லாத நேரம் எடுத்துப் பாத்த நான்.

உங்கட கடைசிக் கடிதத்தை வாசிச்சிப்போட்டு மடிச்சிச் சேட்டுப் பையில வெச்சிக்கொண்டார். பெருநாளைக்கும் அந்தப் பழைய சேட்டத்தான் போட்டார்.

நாயைப் பத்தி ஒண்டு சொல்லோணும். எங்கட வாப்பா முஹம்மது தம்பி சேனைத் தோட்டத்துல காட்டுப் பண்டிக் காவலுக்கு ரெண்டு நாய் வெச்சிருந்தவர். சோறு குடுப்பார், அதுகளோட கதைப்பார், பட்டாக் கழுவுவார். ஒருத்தரும் ஒண்டும் சொன்னதில்ல. இவருக்குத்தான் பயம். நேத்து வந்தவன், நாயைத் தடவப் போறான், நாளைக்கித் திரும்பப் போயிருவான் எண்டு ஆக்கள் கதைப்பாங்களாம். வாப்பாவே சிரிப்பார், "மருமகன் எங்களவிடக் கூட மார்க்கம் பாக்கிறார்" எண்டு.

புள்ளையைப் பத்தி அவர் ஒண்டும் கதைக்கிறல்ல. நாயைப் பத்தித்தான் கதைக்கிறார். அது குட்டியில எப்பிடி, வெள்ளக்காரன் வீட்டுல இருந்து எப்பிடித் தூக்கி வந்த, வடிகல்லில எந்தக் கல்லுல ஏறிப் படுக்கும் எண்டு.

தண்ணி இன்னும் விழுதா மதினி? விழுதெண்டா இன்னொருக்காக் கூப்பிடுங்க. நான் வழியனுப்பி வெக்கிறன். அல்லாஹ் உங்கட மகளுக்கு நல்ல சுவாசத்தத் தரட்டும்.

இப்பிடிக்கு,
றஹ்மா


+
பாலையூற்று,
12.01.1968

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கட கடிதம் கிடைத்தது. பதில் எழுத மூன்று தரம் இருந்து எழும்பினேன். உங்கட சுகம் எப்படி? காய்ச்சல் ஏதும் இருக்கிறதா? பால் கட்டி நோகிறதா? யாராவது பக்கத்தில் இருந்து பார்க்கினமா? இதையெல்லாம் கேட்க எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன், எழுதுங்கோ.

றீற்றா இப்போது சுகம். நான் இழுத்துப்போர்த்தாமல் விட்டு இரண்டு கிழமை. அண்ணா சொன்னதுதான் சரி.

ஆறு நிறைய ஓடிக்கொண்டிருந்த அந்தக் கிழமை நான் இங்கே மழை பெய்கிறது, வடிகல் முழங்கப்போகிறது என்று சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்தனான். ஒரே மழைதான்.

அப்பாவுக்குச் சொன்னேன். இராச்சாப்பாட்டு மேசையில். "அண்ணாவுக்கு ஒரு ஆம்பிளைப் பிள்ளை பிறந்து செத்துப்போச்சு அப்பா" என்றேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. அப்பா புட்டைப் பிசைந்துகொண்டு இருந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு அந்தச் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பி வெளியே போய் முழுவதையும் கப்டனுக்கு வைத்தார். அது சாப்பிடும்மட்டும் பக்கத்தில் நின்றார். உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டார். அடுத்த நாள் காலைப் பூசைக்குப் போனார். சாதாரண நாளில் அவர் போகிறதில்லை.

தண்ணி விழுகிறது, ஆனால் மெலிந்துபோச்சு. தை 28 ஞாயிறு. அதற்குப் பிறகு நிற்காது என்கிறார் இராசையா. கப்டனும் அப்படித்தான், கஞ்சித்தண்ணி மட்டும் குடிக்கிறது. நான் அதைக் கூட்டிக்கொண்டு வருவேன். அண்ணாவை அனுப்பிவையுங்கோ. அந்தக் கடைசிக் கடிதத்தைச் சேட்டுப் பையிலிருந்து எடுத்து அடுப்பில் போட்டுவிடுங்கோ.

நல்லாகச் சாப்பிட்டுப் படுத்து எழும்புங்கோ.

உங்கட மச்சாள்,
அருள்மலர்


புல்மோட்டை.
20.01.1968

தங்கச்சி,

சுகம். றஹ்மாவும் எழும்பி நடக்கிறா. உன்ர கடிதம் ஒரு நாளும் பிந்தாமல் வந்தது. உறையில ஹாரூன் எண்டு எழுதியிருந்ததைப் பார்த்தனான்.

28 வருவன்.

அண்ணா


+
பாலையூற்று,
30.01.1968

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமாக வீடு போய்ச் சேர்ந்தீங்களோ? மச்சாள் எப்படி? எனக்கு ஒன்றும் தெரியாமல் இரண்டு நாளாகத் தலை வெடிக்கிறது.

சனிக்கிழமை பின்னேரம் றீற்றாவுக்குத் திரும்பவும் இழுப்புத் தொடங்கினது. ஞாயிறு விடிய அவளை விட்டு அசைய ஏலாத நிலை. கிறிஸ்தோபர் டொக்டரைக் கூட்டிவர ஓடினார். தந்தி அடிக்கலாம் என்றால் நீங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டிருப்பீங்கள். இராசையா லொறியைக் கொண்டுவந்து படலையில் நிறுத்தி ஹோன் அடிக்கிறார். எனக்கு அடக்க ஏலவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணா அங்க வந்து பாத்துக்கொண்டு நிப்பாரே, இந்தமுறை நாங்கள் ஏமாத்தினதாப் போகுமே" என்று அழுதேன். அப்பா கதிரையில் இருந்தார் என்பதையும் மறந்துபோனேன்.

அப்பா எழும்பினார். ஆணியில் தொங்கின சங்கிலியை எடுத்தார். தொப்பியைப் போட்டார். "கப்டன், எழும்பு" என்றார். டொக்யார்டில் இருந்த காலத்தில் சொல்லுவாரே, அந்தக் குரல். அது எழும்பினது. லொறிப் பெட்டியில் ஏற ஏலாமல் நின்றதைத் தூக்கித் தன்னுடைய மடியில் வைத்துக்கொண்டு முன்சீற்றில் இருந்தார். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. அந்த முழங்காலோடு எப்படி ஏறினார்?

பொழுதுபட வந்தார். நாயை இறக்கினார். "சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணி தா" என்றார். றீற்றாவின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான். இராசையாவிடம் கேட்டால், "நான் கீழ விறகு ஏத்திக்கொண்டு நிண்டனான் பிள்ளை, மேல போகேல்ல" என்கிறார்.

நீங்கள் வந்தீங்களோ? கண்டீங்களோ? அப்பா ஏதாவது பேசினவரோ? ஏசினவரோ? எதுவானாலும் எழுதுங்கோ. றீற்றா இப்போது பரவாயில்லை.

மலர்


புல்மோட்டை.
08.02.1968

அன்பான தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். றீற்றா சுகமெண்டு எழுதினது பெரிய ஆறுதல். பதில் சுணங்கினதுக்குக் காரணம் வேலை எண்டு எழுதலாம். வேலை இல்லை. எப்பிடி எழுதுறது எண்டு தெரியேல்ல.

நான் வெள்ளெனவே போய்ச் சேர்ந்திட்டன். கல்லில தண்ணி கைமொத்தத்துக்குத்தான் விழுந்தது, ஒரு ஓரமா, சத்தமில்லாமல். நான் குளத்துக்கு அங்காலை இருந்தனான். ஓடைக்குள்ள சங்கிலிச் சத்தம் கேட்டுது. உன்ர சத்தம் இல்லை, ஆம்பிளை மூச்சு வாங்குற சத்தம். பார்த்தால் தொப்பி. எனக்கு எழும்பி ஓடுவமோ எண்டிருந்தது.

அப்பா என்னைக் கண்டார். கண்டிட்டு, நாயின்ர சங்கிலியைக் கழட்டினார். கழட்டிச் சுருட்டிச் சேட்டுப் பைக்குள்ள வைச்சார். பிறகு ஓடைப் பக்கக் கரையில ஒரு கல்லில முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இருந்தார். இடையில குளம்.

கப்டன் என்னைக் காணேல்ல மலர். கண் மங்கிப்போச்சு. காத்து என்னட்டையிருந்து அங்கால வீசினதும் மூக்கைத் தூக்கிச்சு. பிறகு சுத்திவராமல் நேர குளத்துக்குள்ளாலேயே வந்தது, நெஞ்சளவு தண்ணியில, நீந்தவும் ஏலாமல் நடக்கவும் ஏலாமல். நடுவில ஒருக்கா முகம் தண்ணிக்குள்ள தாண்டது. அப்பா "டேய்" எண்டு எழும்பினார். நாயையோ என்னையோ தெரியாது. நான் இறங்கித் தூக்கியிட்டன்.

தூக்கினால் பாரமேயில்லை. எலும்பு. சொட்டச் சொட்ட நனைஞ்ச உடம்பு முழுக்க நடுங்குது. மடியில வைச்சுக்கொண்டு இருந்தன். என்ர கழுத்தை, தாடியை, கையை எல்லாம் நக்கிச்சு. நான் விட்டன். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. அந்தப் பதினோராம் திகதியும் இப்பிடித்தான் ஒரு பாரமில்லாத உடம்பு என்ர கையில இருந்தது, ஆனா அது நடுங்கேல்ல. நான் அங்க வைச்சுத்தான் அழுதனான். றஹ்மாவுக்கு முன்னால அழேல்ல. அப்பா பார்த்துக்கொண்டு இருந்தார். முகத்தைத் திருப்பேல்ல.

பிறகு நாய் தன்ர பழைய கல்லில ஏறிப் படுத்திட்டுது. நான் கழுவப் போனன். தண்ணி மெலிவு எண்டபடியால் ஒவ்வொரு தரமும் கை நிறையக் காத்துக்கொண்டு நிக்கோணும். முதல் மண் எடுத்துக் கரைச்சுத் தேய்ச்சுக் கழுவினன். பிறகு இரண்டு, மூண்டு. தண்ணி நிரம்ப முதல் சிந்துது. இடையில எண்ணிக்கை தவறிப்போச்சு. ஆறோ ஏழோ தெரியாது. முடிஞ்சுது எண்டு நினைச்சுக் கையை உதறிக்கொண்டு திரும்பினன்.

"ஆறுதான் ஆச்சு" எண்டார் அப்பா. "இன்னும் ஒண்டு கிடக்கு."

அந்தக் குரல் உனக்குத் தெரியும். முப்பது வருசம் டொக்யார்ட் ஸ்ரோரில மூட்டை எண்ணின குரல். கிண்ணியா முஸ்லிம் ஆக்களோட நிண்டு எண்ணினவர், அவருக்கு இதெல்லாம் என்னைவிட முதலே தெரிஞ்சிருக்கு. இவ்வளவு நேரமும் அங்காலை இருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் திரும்பப் போய்க் கையை நீட்டிக்கொண்டு நிண்டு ஏழாவது தரம் கழுவினன். அப்பா அதுவரைக்கும் பார்த்துப்போட்டு எழும்பிச் சங்கிலியை எடுத்தார். கப்டன் அவருக்குப் பின்னால இறங்கிப் போச்சு. திரும்பிப் பார்க்கேல்ல. அதுக்கு அவ்வளவும் போதும்போல.

வேற ஒரு கதையும் கதைக்கேல்ல. அவ்வளவும்தான் நடந்தது.

இரவைக்கு வந்து றஹ்மாவுக்குச் சொன்னன். அலுமாரிக்கு மேல இருந்த பார்சலை எடுத்து அவவின்ர கையில குடுத்தன்.

அப்பாவின்ர முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் போடு.

உன்ர அண்ணா


+
பாலையூற்று,
03.03.1968

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

தவக்காலம் தொடங்கிவிட்டது. நாங்கள் சுகமாக இருக்கிறம், உங்கட சுகத்துக்கும் மன்றாடுகிறம். இப்போது செபமாலையில் உங்கட பேர்களை வாய்விட்டுச் சொல்லுகிறேன். அப்பா விரலைச் செபமாலையின் அடுத்த மணிக்கு நகர்த்துகிறார்.

வியாழக்கிழமை விடிய கப்டன் செத்துப்போச்சு. கஷ்டப்படவில்லை. படலையடியில் இல்லை, குசினி வாசலில் வந்து படுத்திருந்தது. அதை உங்களுக்கு எழுதவேணும் என்று நினைத்தேன். வடிகல்லுக்குப் போய்வந்த பிறகு அது ஒருநாளும் படலையைப் பார்த்துப் படுக்கவில்லை.

கிறிஸ்தோபர் குழி வெட்டுகிறேன் என்றார். அப்பா விடவில்லை. முருங்கைக்குக் கீழே தானே வெட்டினார், இடையிடையே மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். தானே தூக்கிக்கொண்டு போய் வைத்து மூடினார். சங்கிலியைக் குழிக்குள் போடவில்லை. அது திரும்பவும் ஆணியில் தொங்குகிறது.

பிறகு கிணற்றடிக்கு வந்து என்னை வார்க்கச் சொன்னார். வாளியால் அள்ளி வார்த்தேன். கையைக் கழுவிப்போட்டு நீட்டிக்கொண்டு நின்றார். திரும்ப வார்த்தேன். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் குழைத்தார், திரும்பவும் நீட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கினது. நான் வார்த்துக்கொண்டிருந்தேன். இந்தமுறை நான்தான் எண்ணினேன் அண்ணா. ஏழும் சரி.

சால்வையால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "புல்மோட்டைக்குக் காலமை பஸ் எத்தினை மணிக்கு?"

இப்படிக்கு,
மலர்